பெரியப்பா போட்ட பீஸ்

எங்கள் பெரியப்பா போட்ட ஃபியூஸ் எதுவும் போனதாகச் சரித்திரமே கிடையாது. ஊரில் எல்லாரும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெரியப்பா எல்லாரையும்விடப் பெருமையாகச் சொல்வார். ஃபியூஸ் என்று நான் இப்போது எழுதுகிறேனே தவிர, எங்கள் பக்கத்தில் அது பீஸ்தான். கம்பி மாட்டுகிற அந்தப் பீங்கான் சமாசாரம் பீஸ் கட்டை. இனி நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டி எங்கள் ஊர். வாழைதான் பிழைப்பு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் யாருக்கும் யார் தயவும் வேண்டியதில்லை. கோடையில் வாய்க்கால் காய்ந்துவிட்டால் கிணறும் மோட்டாருமே கதி. மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் பகலில் சில மணி நேரம்தான் வரும். வந்த நிமிஷத்தில் ஊரிலுள்ள அத்தனை மோட்டாரும் ஒன்றாக எழும்பும். அந்த இழுப்பில் வரிசையாகப் பீஸ் போகும். "அண்ணாச்சி, பீஸு போயிட்டு" என்று யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு எழுந்து போவார்.

அவர் வைத்தியம் எளிமையானது. பீஸ் கட்டையில் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் அந்தக் கம்பி உருகி அறுந்துவிடும். மோட்டாரும் ஆளும் பிழைப்பார்கள். உருகுவதுதான் அதன் வேலை. பெரியப்பாவுக்கு அந்த வேலை பிடிக்காது. பழைய ஒயரை உரித்து, செம்பு இழைகளை எல்லாம் சேர்த்து முறுக்கி, என் சடை நுனி அளவுக்குத் திரித்து, அதைக் கட்டையில் மாட்டிவிடுவார். "இனி ஜென்மத்துக்கும் போவாது வே" என்பார். வாஸ்தவம்தான். அது போகாது. அதைத் தவிர மற்றதெல்லாம் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரியப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால் அம்மா, "போய்ப் படி" என்பாள். சாப்பாடு, பேப்பர், படுக்கை எல்லாம் எங்கள் வீட்டில்தான். அவருக்கு அடுத்தவர் அப்பா. அப்பாவுக்கு அடுத்தவர் சித்தப்பா. நான் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது காய்ச்சலில் போய்விட்டார். கடைக்குட்டி அத்தை. அத்தை ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீசியன் படித்துவிட்டு விக்கிரமசிங்கபுரம் பக்கம் ஒரு மில்லில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். "பொம்பளப்புள்ள டெஸ்டரத் தூக்கிட்டு அலையுதா" என்று பெரியப்பா கேலி செய்வார். ஆனால் அத்தை முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த வேட்டியை நல்ல நாளில் மட்டும் உடுத்துவார்.

சித்தப்பா இறந்த பிறகு சித்தி தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்டாள். கொஞ்ச நாள் போகட்டும் என்றார் அப்பா. கொஞ்ச நாள் என்பது வருஷக்கணக்கில் நீண்டதும் சித்தி ஒரு வக்கீலைப் பிடித்தாள். அப்பாவுக்கு அது ஆறவே இல்லை. சித்தி பயிர் செய்துவந்த துண்டு எங்கள் வாழைக்கு அடுத்தாற்போல் இருந்தது. அதில் ஒரு கிணறும் மோட்டாரும் உண்டு. அதற்கான மின் இணைப்பு தாத்தா பெயரில் இருந்தது. தாத்தாவும் இல்லை, சொத்தும் வழக்கில் இருக்கிறது, ஆகவே இணைப்பைத் தொடரக் கூடாது என்று அப்பா எழுதிக் கொடுத்தார். துண்டித்துவிட்டார்கள். சித்திக்குக் கிணறு இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, கரண்ட் மட்டும் இல்லை. வாழை காய்ந்தால் தன்னால் வழிக்கு வருவாள் என்பது அப்பாவின் எண்ணம். அன்றிலிருந்து அவர் அந்தத் திசையில் தலையைக்கூடத் திருப்பமாட்டார்.

ஆனால் சித்தியின் வாழை காயவில்லை. "டீசல் எஞ்சின வாடகைக்கு எடுத்து எறைக்காளாம்" என்று பெரியப்பா சொன்னார். அப்பா நம்பினார். அதற்குள் வழக்கிலும் சித்தி பக்கம் சத்தம் அடங்கிப்போயிருந்தது. அதைத் தன் வக்கீலின் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டு அப்பா அவருக்கு ஒரு குலை ரஸ்தாளி அனுப்பினார்.

எனக்கும் சித்தி மகளுக்கும் இதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. நாங்கள் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. வீட்டில்தான் பேசக்கூடாது, பள்ளிக்கூடத்திலும் வரப்பிலும் பேசலாம் என்று எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை அது. அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்க மோட்டார் ரூமுக்குப் போனேன். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. ரப்பர் கருகுகிற வாடை வந்தது. அப்பா மடையில் இருந்து மண்வெட்டியோடு ஓடிவந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும்போது சுவரிலிருந்த பலகையில் நீலமாக ஒரு வெளிச்சம் வெடித்தது. பீஸ் கட்டை தீப்பிடித்து எரிந்தது. அதன் நடுவில் பெரியப்பாவின் செம்புக் கம்பி செக்கச்செவேலென்று அப்படியே இருந்தது. அப்பா மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். இன்னொரு வெளிச்சம். அப்பா பின்பக்கமாக வந்து என் காலடியில் விழுந்தார். காப்பித் தூக்கு என் கையில் இருந்ததா, கீழே விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.  அப்பா செத்துப்போனார் என்றே நினைத்தேன். அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் காகிதம் மாதிரி சுருண்டு தொங்கியது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.  செய்தி கேட்டு அத்தை அன்று மாலையே பஸ் பிடித்து வந்துவிட்டாள். நேராக மோட்டார் ரூமுக்குப் போனாள். கருகிய பலகையிலிருந்து அந்தச் செம்பு முறுக்கைக் கழற்றி எடுத்துவந்து, பெரியப்பா முன்னால் தரையில் போட்டாள்.

"இது பீஸா பெரியண்ணே? மாட்டக் கெட்டலாம் இதுல. சின்னண்ணன் பொழச்சது யாரு செஞ்ச புண்ணியமோ."

பெரியப்பா குனிந்த தலை நிமிரவில்லை. அவரை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. 

மறுநாள் அத்தை திருநெல்வேலிக்குப் போய்ப் புதுப் பலகையும் சாமான்களும் வாங்கிவந்தாள். அவற்றில் மூன்று பீஸ்கள் இருந்தன. கம்பியே வெளியில் தெரியவில்லை. வெள்ளைப் பீங்கான் குழல், இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி. குட்டையான சாக்பீஸுக்குக் குல்லா போட்டதுபோல் இருந்தது. இதற்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். அத்தை அப்பாவைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பதில் சொன்னாள்.

"மோட்டாரு எழும்பும்போது மூச்சப் புடிச்சு இழுக்கும்லா, அதுல சாதா பீஸு பட்டுன்னு போயிரும். அதுக்குத்தான் ஒங்க பெரியப்பா வடம் திரிச்சுப் போடுதாவ. இது அப்படியில்ல. கொஞ்ச நேரம் பொறுத்துப் பாக்கும். இழுப்பு அடங்கிட்டுன்னா பேசாம இருக்கும். அடங்கலன்னா உள்ள என்னமோ தப்பு நடக்குன்னு அர்த்தம். அப்ப பொறுக்காது, போயிரும்."

பெரியப்பா அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "இங்கன இதெல்லாம் சரிப்படாது ளா. மில்லுக்கு வேணா சரி" என்றார். அப்பா, "அவ சொன்னபடி மாட்டட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பலகையின் கீழ்ப்பக்க இணைப்புகளை மட்டும் தானே கொடுப்பதாகப் பெரியப்பா பிடிவாதம் பிடித்தார். "நீ குனிஞ்சு கெடந்து கஷ்டப்படாத, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். செய்த தப்புக்குப் பரிகாரம் தேடுகிற கரிசனம் என்று அத்தை விட்டுக்கொடுத்தாள்.

முதல் நாள் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டார்கள். ஊர் மொத்தமும் இழுக்கிற அந்த நேரத்திலும் பீஸ் போகவில்லை. தண்ணீர் குழாயில் கொப்பளித்து விழுந்தது. அத்தை கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தொட்டியில் கால் நனைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும்போதே தண்ணீர் சுருங்கி நின்றுபோனது. பீஸ் போய்விட்டிருந்தது.

அத்தை வேறு பீஸ் மாட்டினாள். மறுபடியும் எழும்பியது, கொஞ்ச நேரம் ஓடியது, போய்விட்டது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தாள். பம்பைச் சுற்றிப் பார்த்தாள். எங்கும் குறை இல்லை. லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். மாற்றுப் பீஸ்கள் சிலவற்றை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவையும் அதேபோல் ஒவ்வொன்றாகப் போயின. பக்கத்துத் தோட்டக்காரர்கள் மோட்டார் ரூம் வாசலில் வந்து நின்று சிரித்தார்கள். எங்கள் வாழை அப்போதுதான் குலை தள்ளியிருந்தது. அந்தப் பருவத்தில் தண்ணீர் தப்பினால் காய் திரளாது. வருஷத்து உழைப்பு மண்ணாகிவிடும். இலைகள் மத்தியானத்தில் துவண்டு தொங்குவதைப் பார்த்துக்கொண்டு அப்பா கட்டுப்போட்ட கையோடு வரப்பில் நிற்பார். 

எனக்கு வினோதமாகப் பட்டது பெரியப்பாதான். தன் கட்சி ஜெயித்துவிட்டது என்று அவர் குதிக்க வேண்டாமா? குதிக்கவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. "தம்பி, அத எடுத்துப் போட்டுட்டு நான் கம்பி போடுதேன். இந்த ஒரு கோடைக்கு மட்டும். கேளு லே" என்று அப்பாவிடம் கெஞ்சினார். கெஞ்சுகிற பெரியப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அப்பா கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவருக்குக் காட்டினார். அதற்கு மேல் அவர் என்ன சொல்ல முடியும்?

அத்தை மறுபடி வந்தாள். இந்தத் தடவை மில்லில் இரவல் கேட்டு ஒரு மீட்டர் கொண்டுவந்திருந்தாள். நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் பிளந்து ஒயரைக் கவ்வும். எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று எண்ணில் காட்டும். அப்பா, பெரியப்பா, நான் மூன்று பேரும் மோட்டார் ரூமில் நின்றோம். அத்தை பீஸுக்கு மேலே இருந்த ஒயரைக் கவ்வவைத்து மோட்டாரைப் போட்டாள். எண் எகிறி, உடனே இறங்கி, ஒரு இடத்தில் நின்றது.

"சரியான அளவு. ஒரு குத்தமும் இல்ல" என்றாள் அத்தை.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பெரியப்பா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. திடீரென்று மீட்டரில் எண் எகிறியது. எகிறி, இறங்கி, நின்றபோது முன்னே காட்டியதுபோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. எங்கள் மோட்டார் மாறாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அத்தை மீட்டரையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நம்ம மோட்டாரு இழுக்குத இழுப்பு இல்லியே. வேற எங்கன ஓடுது?"

கேள்வி யாரிடம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் விடை எனக்குத் தெரியும். வகுப்பில் விடை தெரிந்த கேள்விக்குக் கை தூக்குகிற சந்தோஷத்தோடு சொன்னேன்.

"சித்தி மோட்டாரு அத்தை. எப்பவும் நாம போட்டு கொஞ்சம் பொறுத்துத்தான் சித்தி போடுவாவ. வரப்புல நின்னா கேக்கும்."

அந்த நேரத்தில் பீஸ் போனது. மோட்டார் நின்றது. அந்த அமைதியில், வாழைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு மோட்டார் முனகிக்கொண்டே அடங்குகிற சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. கரண்ட் இல்லாத கிணற்றின் மோட்டார் சத்தம்.

அத்தை மெயின் சுவிட்சை இறக்கினாள். குனிந்து பலகையின் அடிப்பக்கம் கையை விட்டாள். பெரியப்பா தானே கொடுக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்த கீழ் இணைப்பிலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் பலகைக்குப் பின்னால் இறங்கி, சுவர் ஓட்டை வழியாக மண்ணுக்குள் போயிருந்தது. அத்தை பிடித்து இழுத்தாள். வெளியே வாழைப் பாத்தியின் ஓரமாக மண் பிளந்துகொண்டு கேபிள் மேலே வந்தது. சித்தியின் வரப்பை நோக்கிப் போயிற்று.

அப்பா திரும்பி, "நீயாண்ணே?" என்றார்.

பெரியப்பா, "ஆமா" என்றார். ஒரு சாக்கும் சொல்லவில்லை.

அப்பா அவரை அறைந்தார். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் அறைந்தார். தம்பி அண்ணனை, அதுவும் இடது கையால்.  பலகை தீப்பிடித்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. தீயென்றால் சுடும் என்று தெரியும். அப்பா பெரியப்பாவை அடிப்பார் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா கன்னத்தைத் தடவக்கூட இல்லை. தோளிலிருந்து நழுவிய துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்பா மூலையில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டு போவதுபோல் அதன் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "அண்ணே, பைய, அண்ணே" என்று அத்தை பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன். அப்பா ஒயரை வெட்டப்போகிறார், தடுத்தால் சித்தியையும் வெட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எல்லாம் நான் சொன்ன விடையால்தான் என்றும் தோன்றியது.

வரப்பைத் தாண்டி, எத்தனையோ வருஷம் கழித்து, அப்பா அந்த நிலத்தில் கால் வைத்தார். சித்தியின் வாழை வரிசை பிசகாமல் நின்றது. எங்களுக்கு முந்தி நட்ட வாழை என்பதால், இலை எங்களுடையதுபோல் துவண்டிருந்தும் குலைகள் எங்கள் குலைகளைவிடப் பெரிதாக இருந்தன. மோட்டார் ஏன் நின்றது என்று பார்க்கச் சித்தி கிணற்றடியில் நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் மகள். கேபிள் அவள் காலருகில் இருந்த பெட்டிக்குள் போயிற்று. அப்பா அரிவாளும் கையுமாக அவள் எதிரே போய் நின்றார்.

சித்தி அரிவாளைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் குவித்துவிட்டாள்.

"அத்தான், நீங்களே வந்துட்டியளா" என்றாள். "நான் வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். பெரியத்தான்தான் வரக்கூடாதுன்னாவ. 'அவன்தான் ஒனக்குத் தண்ணிக்கு வழிபண்ணச் சொன்னான், ஊருக்குத் தெரிஞ்சா அவனுக்குக் கௌரவக் கொறச்சல், நீ மூச்சு விடாத'ன்னாவ. அதான் வாயக் கெட்டிக்கிட்டு இருக்கேன். ஒங்க மேல கேஸ் போட்டவ நானு. எனக்குத் தண்ணி குடுத்தியளே அத்தான். அத நெனச்சுதான் கேசும் வேண்டாம்னு வக்கீலுட்ட சொல்லிட்டேன். இந்தப் புள்ளய நான் வளக்குததே நீங்க குடுத்த தண்ணியிலதான்."

சொல்லிக்கொண்டே அழுதாள். அவள் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெரியவர்கள் பேசிக்கொண்டதால் இனி வீட்டிலும் பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அப்பா பேயறைந்தவர்போல் நின்றார்.  நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது, எல்லாம் அண்ணன் செய்தது என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா பொய் பேசமாட்டார். பொய் பேசினால் என்னை அடிப்பார்.

சித்தி அப்போதுதான் அரிவாளைப் பார்த்தாள். "அருவாள எதுக்கு அத்தான்?" என்றாள்.

அப்பா கையிலிருந்த அரிவாளைத் தானும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"சருகு அறுக்க வந்தேன்" என்றார்.

உண்மையாகவே போய்ப் பக்கத்து வாழையில் காய்ந்து தொங்கிய சருகை இடது கையால் அறுக்க ஆரம்பித்தார். இடது கைக்கு அந்த வேலை வரவில்லை. இரண்டு மூன்று தடவை கொத்தித்தான் ஒரு சருகு விழுந்தது. "கையி புண்ணாக் கெடக்கு, ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல" என்று சித்தி தடுத்தாள். அவர் காதில் விழாதவர்போல் ஒரு வாழையிலிருந்து அடுத்த வாழைக்குப் போனார். ஒரு வரிசை முழுக்க அறுத்தார். அத்தை வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கோ அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயம் வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது பெரியப்பா மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் விரல் தடம் அப்படியே இருந்தது. அப்பா அவரைப் பார்க்காமல் அத்தையிடம் பேசினார்.

"ரெண்டு மோட்டாரயும் தாங்குத மாதிரி பெரிய பீஸா ஒண்ணு இல்லியா?"

"பெருசாப் போட்டா ஒண்ணு கெட்டுப் புகையும்போதும் அது பொறுத்துக்கிட்டே இருக்கும்ணே. பெரியண்ணன் கம்பி மாதிரிதான். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அதது அளவுக்குப் போடணும்."

"அப்ப அவ கெணத்துக்கும் ஒரு செட்டு போடு."

அத்தை தலையாட்டினாள். அவள் கண் நிறைந்துவிட்டது. பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினாள். "தண்ணி குடுத்தது சரி பெரியண்ணே. கம்பி போட்டது சரியில்ல. சின்னண்ணன் அன்னைக்குச் செத்திருந்தா இந்தப் புள்ளைக்கு யாரு சமாதானம் சொல்லுவா?" என்றாள். பெரியப்பா, "எனக்குத் தெரியும் ளா" என்றார். "நல்ல பீஸப் போட்டா அது காட்டிக் குடுத்துரும்லா. வேற என்ன செய்ய?"

அந்த ஏற்பாடெல்லாம் அந்தக் கோடையோடு சரி. அடுத்த வருஷம் அப்பாவே மின்வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, சித்தி பேரிலேயே இணைப்பு வாங்கிக் கொடுத்தார். நிலமும் பிரிந்தது. எங்கள் ஊரில் பலபேர் இப்போது அந்தச் சாக்பீஸ் பீஸைத்தான் மாட்டுகிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது கேபிள் பிடிபட்ட அன்று சாயங்காலம் நடந்தது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அம்மாவுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துபோயிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் பரிமாறினாள். பெரியப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். அடி வாங்கினால் நான் அன்றைக்குச் சாப்பிடமாட்டேன். பெரியப்பா வழக்கம்போல் வந்தார், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார், மீன் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அத்தனை நாள் விட்ட சாப்பாட்டுக்கும் சேர்த்து அன்று சாப்பிட்டார் என்று தோன்றியது. அப்பா இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்.  எனக்கு அன்று முழுவதும் மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்த கேள்வியை அடக்க முடியவில்லை.

"அப்பா, நீங்க ஒயர வெட்டத்தான போனிய? சித்திட்ட சருகு அறுக்க வந்தேன்னு ஏன் பொய் சொன்னிய?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெரியப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தாமல் சிரித்தார்.

"ஒங்கப்பன் எங்க மக்கா பொய் சொன்னான்? ஒரு வரிச சருகு அறுத்தாம்லா. நான் சொன்னதுதான் பொய். அவன்தான் தண்ணி விடச் சொன்னாம்னு சொன்னேன் பாத்தியா, அதுதான் பொய். அதயும் இன்னைக்கு ஒங்கப்பன் நெசமாக்கிட்டான்."

அப்பா கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. கொல்லைப்புறம் போனவர் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய மனுஷர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அத்தனை சருகு அறுத்ததில் எங்காவது இடித்து வலது கைப் புண் மறுபடி வலிக்க ஆரம்பித்திருக்கும் என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து தீப்புண்ணுக்குப் போடுகிற மருந்தை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.